கடைசிப் பாட்டும் ஒரு கணுக்காலும்

என் வீட்டுக்காரரும் அவருடைய நண்பரும் சேர்ந்து வாசிப்பதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குப் பல் கூசியது. கல்யாணமான புதிது. பாட்டு என்றால் பல்லவி வரும், யாராவது வாயைத் திறந்து பாடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். யாரும் பாடவில்லை. கிடார் உறுமியது, டிரம்ஸ் இடித்தது. ஐந்தைந்தாகப் போய்க்கொண்டிருந்த தாளம் திடீரென்று ஏழுக்குத் தாவியது. நான் கால் மாற்றி உட்கார்வதற்குள் மறுபடி ஐந்துக்கே வந்துவிட்டது. முடிந்ததும் இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். "நல்லா இருக்கு" என்றேன். புதுப் பெண் வேறென்ன சொல்வாள்?

இதற்குப் பெயர் புரொகிரெசிவ் மெட்டல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நீளம் நீளமான பாட்டுகள், சொல்லாமல் கொள்ளாமல் மாறும் கணக்குகள், காதைப் பிளக்கும் சத்தம். ரசிக்க எனக்கு நாளாயிற்று. ரசித்ததும் காதால் இல்லை, கண்ணால். நான் பிசியோதெரபிஸ்ட். மைசூர் சரஸ்வதிபுரத்தில் சின்ன கிளினிக். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் தோளையும் முழங்காலையும் பார்ப்பதே பிழைப்பு. ஒரு ஆள் நல்லவரா கெட்டவரா என்று சொல்லத் தெரியாது. இடது இடுப்பில் பாரம் போட்டு நிற்கிறாரா என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன்.

அப்படிப் பார்த்தால் அந்த இருவரும் அதிசயப் பிறவிகள். என் வீட்டுக்காரர் வாசிக்கும்போது தோள் அசையாது, கழுத்து அசையாது, விரல்கள் மட்டும் பேய் பிடித்த மாதிரி ஓடும். நண்பருக்கோ இரண்டு கையும் இரண்டு காலும் நாலு பேருடையவை. ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகப் பார்க்கும். முகம் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல இருக்கும். உடம்பை இப்படிப் பழக்க எத்தனை வருடம் உழைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த மரியாதை வந்தபிறகு சத்தம் பழகிவிட்டது.

வீட்டுக்காரர் தமிழ்நாட்டு எல்லையோரம், கௌதள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எஞ்சினியரிங் படிக்க மைசூர் வந்தவர் இங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலையாகி நின்றுவிட்டார். நண்பர் மைசூரிலேயே பிறந்த தமிழர். குடும்பத்துக்கு ஸ்கூட்டர் உதிரி பாகக் கடை. அவர் பேசும் தமிழில் பாதி கன்னடம், மீதியில் பாதி இங்கிலீஷ். கல்லூரி முதல் வருடத்தில் சேர்ந்தவர்கள், இருபது வருடத்துக்கு மேலாகப் பிரியவில்லை. என்னை அவர் "அத்திகே" என்பார், கன்னடத்தில் அண்ணி. நான் அவரை "அண்ணா" என்பேன். "அதெப்படி, அண்ணனுக்குத் தங்கச்சி அண்ணியாவா?" என்று எங்கள் சொந்தக்காரர்கள் கேலி பண்ணாத விசேஷமே கிடையாது.

வாசிப்பதற்கு ஊருக்குள் இட்டிகேகூடு என்ற பகுதியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். முன்பு மாவு மில்லாக இருந்த இடம். மூடிப்போன ஒரு லாட்ஜிலிருந்து பஞ்சு மெத்தைகளை அள்ளிவந்து சுவரெல்லாம் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். மிருகக்காட்சிசாலை கிட்டே இருந்ததால் விடியற்காலையில் அந்தத் தெருவுக்குச் சிங்கத்தின் கர்ஜனை சகஜம். "சிங்கமாவது வேளைக்குத்தான் கத்துது" என்று எதிர்வீட்டு அம்மா என்னிடம் ஒருமுறை சொன்னார்.

இருவருக்கும் நடுவே ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாரும் எழுதி வைத்ததல்ல. ராகம், மெட்டு, எந்த இடத்தில் எது வரவேண்டும் என்பதெல்லாம் வீட்டுக்காரருடையது. வேகம் நண்பருடையது. ஒரு பாட்டு எந்த நடையில் போகவேண்டும் என்று அவர் கம்ப்யூட்டரில் ஒரு 'டிக் டிக்' வைத்துக் கொடுப்பார். அதைக் காதில் போட்டுக்கொண்டு இவர் வாசிப்பார். ஒருத்தர் எல்லைக்குள் இன்னொருத்தர் கால் வைக்க மாட்டார். எங்கள் வீட்டில் உப்பு போடுவதற்குக்கூட இவ்வளவு ஒழுங்கு இல்லை.

நாற்பது தாண்டிய பிறகுதான் ஆல்பம் போடவேண்டும் என்று இருவருக்கும் வேகம் வந்தது. மொத்தம் ஐந்து பாட்டு. நாலு முழுதாக முடிந்துவிட்டது. ஐந்தாவது எல்லாவற்றிலும் நீளம், எல்லாவற்றிலும் வேகம். அதன் கடைசிப் பகுதியில் இரண்டு காலும் இரண்டு பெடலை மாற்றி மாற்றி மிதித்து, பெரிய டிரம்மைத் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டே போகவேண்டும். கிடார் பதிவாகிவிட்டது. அடுத்த ஞாயிறு டிரம்ஸ் என்று பேச்சு. அதற்கு முந்தின வியாழக்கிழமை, நல்ல மழையில், நஞ்சன்கூடு சாலையில் நண்பர் ஸ்கூட்டரோடு விழுந்தார். பிரேக் ஷூ தேய்ந்து போயிருந்தது. கடை நிறைய பிரேக் ஷூ அடுக்கி வைத்திருக்கிற மனுஷன்! ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்து முதலில் திட்டினேன், பிறகுதான் அழுதேன்.

வலது கணுக்கால். தகடு வைத்து ஸ்குரூ போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்த பிறகு என் கிளினிக்குக்குத்தான் வந்தார். பாதத்தை என் கையில் வாங்கி மேலே மடக்கிப் பார்த்தேன். பாதி வழியில் நின்றது. பழகப் பழக இன்னும் கொஞ்சம் வரும். ஆனால் எங்கே போய் நின்றுவிடும் என்பது என் விரலுக்குப் புரிந்துவிட்டது.

"நடை வந்துடும் அண்ணா. படி ஏறலாம், வண்டி ஓட்டலாம்."

"அது பிடு அத்திகே. பெடல்?"

"மிதிக்கலாம். பழைய வேகம் வராது."

"டிரை பண்ணா?"

"எவ்வளவு டிரை பண்ணாலும். உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்."

சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஹோக்லி பிடு" என்றார். போகட்டும் விடு என்று அர்த்தம். வாய்தான் அப்படிச் சொன்னது. இடது காலின் கட்டைவிரல் தரையில் இல்லாத பெடலை அழுத்திக்கொண்டிருந்தது.

அவர்கள் வாசிக்கும் வகையில் டிரம்ஸைக் கம்ப்யூட்டரிலேயே அடித்துக்கொள்வது ஒன்றும் புதிதில்லை. பெரிய பெரிய ஆட்களே செய்கிறார்கள், யாரும் குறையாக எடுத்துக்கொள்வதுமில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வந்திருந்தபோது நண்பரே சொன்னார்: "அஞ்சாவது பாட்டுக்கு மெஷின் வெச்சுடு குரு. எனக்கு ஒண்ணும் பேஜார் இல்ல." குரு என்பது பெயரில்லை, மைசூர்க்காரர்கள் நண்பனைக் கூப்பிடும் விதம். என் வீட்டுக்காரர் கல்லுளிமங்கன். "போண்டா ஆறுது, சாப்புடு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

எனக்கு இருவர் மனசிலும் என்ன ஓடுகிறது என்று தெரியும். மெஷின் வைத்தால் ஆல்பம் ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடும். ஆனால் அதற்கப்புறம் நண்பர் அந்த அறைக்கு வரமாட்டார். முதலில் கால் வலி என்பார், பிறகு கடையில் வேலை என்பார், ஒரு வருடத்தில் டிரம்ஸை விற்றுவிடுவார். அந்தக் கடைசிப் பாட்டில் அவர் கால் இருக்குமா, இல்லையா என்பதில்தான் இருபது வருட நட்பும் நின்றது.

அந்த நாட்களில் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் வீட்டில் ஓர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அதே ஐந்தாவது பாட்டை வாசித்தார். பதிவான பாட்டை எதற்கு மறுபடி வாசிக்கிறார் என்று நினைத்தேன். பழக்கம் விட்டுப்போகாமலிருக்க என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

தசராவுக்கு முன்னால் ஒரு ஞாயிறு, நண்பர் முதன்முறையாக மறுபடி டிரம்ஸில் உட்கார்ந்தார். காலைக் கவனிக்க நானும் போயிருந்தேன். அன்று அரண்மனைப் பக்கம் தசரா ஊர்வல யானைகளுக்கு வெடிச்சத்தம் பழக்க பீரங்கி வெடித்துக்கொண்டிருந்தார்கள். அது ஓயட்டும் என்று காத்திருந்தோம். ஓய்ந்ததும் அவர் ஹெட்போனை மாட்டினார். வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் கிடாரை ஓடவிட்டார். நண்பர் நாலு சுற்று வாசித்திருப்பார். சட்டென்று நிறுத்தி ஹெட்போனைக் கழற்றினார்.

"எட்டு கொறச்சிருக்கே."

"இல்லையே" என்றார் வீட்டுக்காரர். பொய் சொன்னால் அவருக்குக் காதுமடல் சிவந்துவிடும். அன்று கழுத்து வரை சிவந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று நண்பர் வைத்திருந்த வேகத்தில் எட்டைக் குறைத்து, கிடார் முழுவதையும் மறுபடி வாசித்து வைத்திருக்கிறார். கேட்டால் தெரியாத அளவுதான். எனக்குத் தெரியவில்லை, எதிர்வீட்டு அம்மாவுக்கும் சிங்கத்துக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வேகத்தையே உடம்பாக வைத்திருக்கிற ஆளிடம் எட்டை ஒளிக்கலாம் என்று நினைத்தாரே, அதுதான் முட்டாள்தனம். பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். இவருக்குக் காதையும் மறைத்துவிட்டது.

"உன் கிடார்ல ஒரு ஸ்வரம், ஒரே ஒரு ஸ்வரம், நான் மாத்திருக்கனா?" என்றார் நண்பர். குரலை உயர்த்தவேயில்லை.

"கால் ஆறட்டும்னுதான்டா…"

"நொண்டின்னு சொல்லிருக்கலாம் இல்லியா? நேரா சொல்லிருந்தா வலிச்சிருக்காது."

எழுந்து போனார். குச்சிகளை எடுத்துக்கொண்டு போயிருந்தால் கோபம் என்று நினைத்திருப்பேன். டிரம் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. ஆனால் சிகிச்சை நிற்கவில்லை, நண்பர் தவறாமல் கிளினிக்குக்கு வந்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அந்த மாதங்களில் நான் அனுபவித்தேன். அங்கே அவர், "வீட்ல என்ன சமையல் அத்திகே?" என்று சுற்றி வளைப்பார். இங்கே இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கால் எப்படியிருக்குது?" என்பார். "என்னைக் கேட்டா? காலுக்குச் சொந்தக்காரர் நம்பர் உங்க போன்ல இருக்கு, கேளுங்க" என்பேன். "ஆகட்டும்" என்பார். கேட்க மாட்டார். இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டவிட வேண்டும் போல எனக்கு எரிச்சல் வரும்.

அப்படியிருக்கும்போது கிளினிக்கில் ஒன்றைக் கவனித்தேன். பாதம் மேலே மடங்குவது நான் நினைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் கீழே இறங்குவது வேறு மாதிரி ஆகியிருந்தது. பாதத்தை அந்தரத்தில் நிறுத்தி, தான் நினைத்த கணத்தில், ஒரு நடுக்கமில்லாமல் இறக்கினார். நான் கொடுத்த பயிற்சியால் அது வரவே வராது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "சும்னே" என்று சிரித்தார். சும்மா வருவதா அது? கடையில் கல்லாவுக்கு அடியில் ஒரு பெடலை வைத்துக்கொண்டு நாள் பூராவும் ஏதோ மிதிக்கிறார் என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

அவரைக்காய் பருவம் வந்தது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பிதுக்கம்பருப்புக் குழம்பு. ஊறவைத்த கொட்டைகளைக் கூடத்தில் பேப்பர் விரித்துக் கொட்டி, நானும் வீட்டுக்காரரும் பிதுக்கித் தோலெடுத்துக்கொண்டிருந்தோம். கேட் சத்தம் கேட்டது. நண்பர் உள்ளே வந்தார். யாரையும் கேட்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். ஒரு கை அவரையை அள்ளிப் பிதுக்க ஆரம்பித்தார். பருப்பு மட்டும் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"நீ கொறச்சது தப்பில்ல குரு" என்றார் கடைசியில். "எட்டு கொறச்சதுதான் தப்பு."

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டு கொறச்சா அதே பாட்டு. அதே பாட்டை நான் நொண்டிக்கிட்டு வாசிக்கறேன்னு அர்த்தம். பாதியாக் கொறை. அப்ப அது வேற பாட்டு. அதுல என் கால் நொண்டி இல்ல."

"பாதியாவா?"

"கொறைக்கறதுன்னா வெக்கப்படாம கொறைக்கணும் மாராயா."

"அப்ப நான் மறுபடியும் மொதல்ல இருந்து வாசிக்கோணும்."

"வாசி."

"மூணாவது வாட்டிடா!"

"வாசி."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த தோலைப் பேப்பரில் போட்டார். "சோத்தைத் தின்னுட்டுப் போலாம்" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் அகராதியில் அப்படித்தான் எழுதியிருக்கும். எழுந்து அடுப்படிக்குப் போன நான் குழம்பில் பருப்பைப் போட மறந்து வெறும் மசாலாவைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அசல் வேடிக்கை மாவு மில் அறைக்குள் போனபிறகுதான் தெரிந்தது. நிதானமாக வாசிக்க என் வீட்டுக்காரருக்கு வரவில்லை! ஓடியே பழகிய விரல்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே அவ்வளவு பெரிய இடைவெளி கிடந்ததும் தாங்கமுடியாமல் முந்திக்கொண்டு பாய்ந்தன. நண்பரின் கால் இன்னும் அந்தரத்தில் இருக்கும். இவர் கிடார் அதற்குள் போய் இறங்கியிருக்கும். நிறுத்துவார்கள், மறுபடி ஆரம்பிப்பார்கள். அசையாத தோள் என்று நான் மெச்சிக்கொண்டிருந்தேனே, அந்தத் தோள் அவசரத்தில் காது வரைக்கும் ஏறியது. பார்க்கப் பொறுக்காமல் பின்னால் போய் நின்று இரண்டு கையாலும் அழுத்தி இறக்கிவிட்டேன்.

"யார் நொண்டி இப்ப?" என்று நண்பர் சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியபிறகு நண்பர் வாயால் எண்ணிக் காட்டினார், கன்னடத்தில்: ஒந்து, எரடு, மூரு. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே ஒரு ஆள் வந்து உட்கார்ந்து எழுந்து போகலாம். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஞாயிறு தோறும் இப்படியே போயிற்று. நாற்பது வயதுக்கு மேல் கையிலிருக்கும் வித்தையைக் கீழே வைத்துவிட்டு அடியிலிருந்து தொடங்க எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வராது. அந்த இருவர்மேல் எனக்கு இருந்த மதிப்பு அந்த மாதங்களில் பக்தியாகவே மாறிவிட்டது. அவர்களிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

பாட்டும் வேறாகிவிட்டது. பழையதைக் கேட்டால் இவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று தோன்றும். இதைக் கேட்டால் அப்படியெல்லாம் தோன்றாது. பெரிய டிரம் ஒருமுறை விழும். பிறகு ஒன்றுமில்லை. அடுத்தது வருமா வராதா என்று நெஞ்சு எட்டிப் பார்க்கும். சரியாக விழும். அந்தக் காத்திருப்பும் அது தீர்கிற நிம்மதியும் மாறி மாறி வந்து, ஒரு கட்டத்தில் நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இசை தெரியாத எனக்கே இப்படியென்றால், தெரிந்தவர்களை என்ன செய்யுமோ.

இந்தமுறை இருவரும் சேர்ந்தே வாசித்துப் பதிவு செய்தார்கள். கடைசி நாளில் ஒன்று நடந்தது. பாட்டு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. நண்பரின் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். வலி. கைகள் மெல்ல நின்றன, காலும் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தவில்லை. டிரம் விழவேண்டிய இடம் வரும்போதெல்லாம் கிடாரை நிறுத்தி அந்த இடத்தைக் காலியாக விட்டார். விட்டுவிட்டு, மேலே போனார். முடியும் வரை அப்படியே. ஒரு இடத்தில்கூட முந்தவில்லை.

முடிந்ததும், "இன்னொருக்கா எடுக்கலாமா?" என்றார். நண்பர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். நிமிராமலே, "பேடா, வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றார்.

உகாதிக்கு முன்னால் ஆல்பம் தயாராயிற்று. வெளியே விடுவதற்கு முன் ஒருமுறை முழுதாகக் கேட்க எங்கள் வீட்டில் கூடினோம். நண்பரை சோபாவில் உட்காரவைத்து, காலை ஸ்டூலில் நீட்டச்சொல்லி, தலையணை வைத்தேன். வீட்டுக்காரர் ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தன் பாட்டை யாராவது கேட்கும்போது அவருக்கு முகம் காட்ட முடியாது. நாலு பாட்டு ஓடியது. ஐந்தாவது ஓடியது. டிரம்ஸ் நின்று கிடார் மட்டும் போகும் அந்த இடம் வந்தது.

முதல் காலி இடம். நண்பரின் வலது பாதம் தலையணையிலிருந்து எழுந்தது. எழ முடிந்த அளவுக்கு எழுந்து, ஒரு கணம் நின்று, இறங்கியது. கிடார் தொடர்ந்தது. அடுத்த காலி இடம். மறுபடி எழுந்து, இறங்கியது. ஒரு மயிரிழை பிசகவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார். தன் கால் அசைவது அவருக்குத் தெரிந்ததா என்றே எனக்குச் சந்தேகம். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

பாட்டு முடிந்தது. வீட்டுக்காரர் திரும்பாமல், ஜன்னல் கம்பியிடம் கேட்பது போலக் கேட்டார்:

"காலு வருதாடா?"

"நீ நிக்கற இடத்துல வருது" என்றார் நண்பர்.